இன்டர்னல் மோடத்தை லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை, உதவுங்கள்

கேள்வி:
போன் லைன் வழியாக இணையத்தில் இணைய மோடம் வேண்டும். வீட்டுக் கணினியில் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போட்டிருக்கிறேன், அதன் மையப் பகுதியான கர்னல் 2.6. கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினால் இன்டெல் 82801 ஏசி97 மோடம் என்று வருகிறது, ஆனால் மோடத்தைத் தேடி அமைக்கும் டபிள்யூவிடயல்கான்ஃப் எல்லா சீரியல் போர்ட்டையும் தேடிவிட்டு மோடமே இல்லை என்கிறது. விண்டோசில் நன்றாக ஓடியது. என்ன டிரைவர் போட வேண்டும்?

பதில் 1:
அது வின்மோடம் நண்பரே. சிக்னலை மாற்றும் வேலையை அந்தச் சில்லு செய்யாது, மென்பொருள்தான் செய்யும், அதனால் சீரியல் போர்ட்டில் தேடிப் பயனில்லை. முதலில் எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம் மாட்யூலை (கர்னலில் சேரும் டிரைவர்) ஏற்றுங்கள், அப்புறம் எஸ்எல்-மோடம்-டீமன் பொதியை நிறுவி அதிலுள்ள எஸ்எல்மோடம்டி-யை (பின்னணியில் ஓடும் நிரல், அதாவது டீமன்) அல்சா (லினக்ஸின் ஒலி அமைப்பு) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். டெவ் கோப்புறையில் டிடிஒய்எஸ்எல்0 என்று ஒன்று முளைக்கும், டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் அமைப்புக் கோப்பில் மோடம் என்ற வரியில் அதைக் கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, மோடம் வந்துவிட்டது! ஆனால் டயல் செய்யப் போனால் 'நோ டயல்டோன்' என்று நின்றுவிடுகிறது. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் தெளிவாகக் கேட்கிறது.

பதில் 2:
எனக்கும் இதே தொல்லை இருந்தது, இரண்டு நாள் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நம் ஊர் டயல் டோன் சில மோடங்களுக்குப் பிடிபடுவதில்லை. அதே கோப்பில் இனிட்3 வரியில் ஏடிஎக்ஸ்3 என்ற மோடம் கட்டளையைச் சேருங்கள், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். இணைப்புச் சிக்னலைச் சரிபார்க்கும் 'கேரியர் செக்' என்பதற்கு 'நோ' கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! கனெக்ட் 45333 என்று வந்தது, அதாவது நொடிக்கு 45333 பிட் வேகம். டீமனை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால்தான் வேலை செய்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.