1966 எம்.ஜி.பி: புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கில் மட்டும் அடிபடுது

கைதடியான்:
எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்ரர். 1798 சீசீ, ஐந்து பெயாரிங் எஞ்சின். எஸ்.யூ. எச்.எஸ்.4 காபரேற்றர் இரண்டு, லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூற்றர், பொயின்ற்ஸ்தான். எல்லாம் கொம்பனிச் சாமான், ஒண்டும் மாத்தேல்லை.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிறதுக்குப் புகைச் சான்றிதழ் வேணும். ரெஸ்ற்றில தந்த தாள் இது:

ஐட்லிங்: காபனோரொட்சைட்டு 7.6 வீதம், ஐதரோகாபன் 1450 பீ.பீ.எம்., காபனீரொட்சைட்டு 9.8 வீதம், ஒட்சிசன் 1.4 வீதம்.
2500 ஆர்.பி.எம்.: காபனோரொட்சைட்டு 2.2 வீதம், ஐதரோகாபன் 310, காபனீரொட்சைட்டு 13.1, ஒட்சிசன் 0.9.

பிளக் நாலும் புதுசு (என்.ஜி.கே. பீ.பி.6ஈ.எஸ்.), எயார் பில்டர் புதுசு, ரோட்டரும் கப்பும் புதுசு. ஓட்டம் பரவாயில்லை. சிக்னலில நிண்டால் ஒரு குலுக்கம், பெற்றோல் மணம். எஸ்.யூ. இரண்டையும் கழட்டிப்போட்டு யப்பான் காபரேற்றர் ஒண்டு பூட்டுவம் எண்டு கராஜில சொல்லீனம். அதுக்கு முதல் என்னத்தைப் பாக்கிறது?

பீசீரீஸ்:
காபரேற்றரை மாத்தாதேங்கோ தம்பி. உந்தத் தாள்லயே பாதி விடை கிடக்குது.

சீ.ஓ. (காபனோரொட்சைட்டு) கூட எண்டால் பெற்றோல் கூட, காத்துக் குறைவு. எச்.சீ. (ஐதரோகாபன்) கூட எண்டால் எரியாத பெற்றோல் வெளியில போகுது. 2500 இல இரண்டும் இறங்கி, காபனீரொட்சைட்டு 13க்கு மேல ஏறியிருக்குது. அப்ப நீடில் (காபரேற்றருக்குள்ள ஏறி இறங்கிப் பெற்றோலை அளக்கிற கூர்க்கம்பி) பெரிசாத் தேயேல்லை, சிலிண்டர் நாலும் ஒழுங்கா எரியுது. பிரச்சினை ஐட்லிங்கில மட்டும். ஐட்லிங்கில 7.6 வீதம் சீ.ஓ. இருக்கேக்க ஒட்சிசன் 1.4 நிக்கிறது சரியில்லை. அவ்வளவு பெற்றோல் கூடின இடத்தில ஒட்சிசன் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்க வேணும். அப்ப ஒரு சிலிண்டர் இடைக்கிடை எரியாமல் விடுது, இல்லாட்டி எங்கேயோ காத்து இழுக்குது. உங்கட குலுக்கமும் அதைத்தான் சொல்லுது.

முதல் வேலை: பிளக் நாலையும் கழட்டி வரிசையா வையுங்கோ. இந்த எஞ்சினில முன் காபரேற்றர் 1, 2 சிலிண்டருக்கும் பின் காபரேற்றர் 3, 4 க்கும் குடுக்குது. 1, 2 கறுத்து 3, 4 வெளுத்திருந்தால் இரண்டு காபரேற்றரும் ஒத்துப்போகேல்லை. சராசரியில சீ.ஓ. சரியா வந்தாலும் ஒரு சோடி பெற்றோல் கூடியும் மற்றச் சோடி காத்துக் கூடியும் ஓடும், எச்.சீ. இறங்கவே இறங்காது. ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் காபரேற்றரை விட்டுப்போட்டு வால்வையும் பிளக் வயரையும் பாருங்கோ.

இரண்டாவது, சோக் (குளிரில ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோல் கூட்டுறது). உள்ளுக்க தள்ளின பிறகு காபரேற்றருக்கு அடியில இருக்கிற ஜெட்டை (பெற்றோல் வாற குழாய்) கையால மேல தள்ளிப் பாருங்கோ. இன்னும் ஏறுதெண்டால் சோக் கேபிள் இழுத்துப் பிடிக்குது, இல்லாட்டி ஜெட் இறுகிப்போச்சு. பழைய எஸ்.யூ.வில ஐட்லிங் சீ.ஓ. எகிறுறதுக்கு இது பெரிய காரணம், செலவு ஒண்டுமில்லை. ஜெட்டைத் துடைச்சு மெல்லிய எஞ்சின் ஒயில் ஒரு துளி விட்டு, மேலும் கீழும் வழுக்கிற மாதிரி ஆக்குங்கோ. கேபிளில கொஞ்சம் தளர்வு இருக்க வேணும்.

மூண்டாவது, புளோட் (காபரேற்றர்ப் பெற்றோல் கிண்ணத்து மிதவை) மட்டம். மூடியைத் தலைகீழாப் பிடிச்சு, புளோட்டுக்கும் மூடிக்கும் நடுவில 3.2 மில்லிமீற்றர் கம்பி ஒண்டு போக வேணும் (1/8 அங்குலம், 3/16 வரைக்கும் கூடலாம்). மட்டம் உயர்ந்தால் ஜெட் வாயில பெற்றோல் எப்பவும் நிறைஞ்சு நிக்கும். ஐட்லிங்கில கூடக் குடிக்கும், ஓட்டத்தில அவ்வளவு தெரியாது. உங்கட தாளின்ர கதையும் அதுதானே. ஊசி வால்வையும் பாருங்கோ. எஸ்.யூ. பெற்றோல் பம்ப் மூண்டு பீ.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு உள்ளுக்கதான் தள்ளும். யாரும் வேற எலக்ரிக் பம்ப் பூட்டியிருந்தால் ஊசி தாங்காது.

டாஷ்பொட் (காபரேற்றர் மேல்மூடிக் குழாய்) ஒயிலை மாத்தச் சொல்லி ஆரும் வருவினம். ஊத்துங்கோ, எஸ்.ஏ.ஈ. 20 போதும். ஆனால் அது அக்சிலரேற்றரைச் சட்டெண்டு மிதிக்கேக்கதான் வேலை செய்யும். ரெஸ்ற் நிலையான ஓட்டத்தில எடுக்கிறது, அதால அளவு மாறாது.

நல்லூர்_கராஜ்_பெடியன்:
அண்ணை சொன்னது சரி. ஆனால் காபரேற்றருக்குப் போக முதல் வால்வையும் இக்னிஷனையும் முடிக்க வேணும். அது பிழையா இருக்கேக்க காபரேற்றரைத் திருப்பினால் பிறகு திரும்பவும் முதலில இருந்து.

வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஒன்பது கணக்கு: 8ஆவது வால்வு முழுக்கத் திறந்திருக்கேக்க 1ஐப் பாக்கிறது, 7 திறந்திருக்கேக்க 2, இப்பிடியே இரண்டு இலக்கமும் கூட்டினால் ஒன்பது. 1, 4, 5, 8 நாலும் எக்சோஸ்ற். இந்த நாலின்ர இடைவெளியை மட்டும் எழுதி வையுங்கோ. ஒவ்வொருமுறையும் இது நாலும் இறுகிக்கொண்டு போனால் வால்வு சீற் தேஞ்சு வால்வு மேல ஏறுது. இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல நிப்பாட்டினது. உந்தக் கால எஞ்சின் ஹெட்டில கடின சீற் இல்லை, ஈயப்படிவுதான் சீற்றைக் காப்பாத்தினது. இடைவெளி இல்லாமல் போனால் எக்சோஸ்ற் வால்வு முழுசா மூடாது. ஐட்லிங்கில அந்தச் சிலிண்டர் விட்டு விட்டு எரியும், எச்.சீ. ஏறும். கொம்பிரெஷன் அடிச்சுப் பாருங்கோ. 160 பீ.எஸ்.ஐ. அளவில வர வேணும், நாலுக்கும் 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைஞ்ச சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அடியுங்கோ. ஏறினால் றிங், ஏறாட்டி வால்வு.

பொயின்ற்ஸ் 0.015 அங்குலம், டுவெல் (பொயின்ற்ஸ் மூடியிருக்கிற அளவு) 60 பாகை, பிளக் 0.025 அங்குலம். ரைமிங் எஞ்சின் நிக்கேக்க, பிஸ்ரன் உச்சிக்கு வர முதல் 10 பாகை. ரைமிங் லைற் பிடிச்சால் 600 ஆர்.பி.எம்.இல 14, வக்கூம் ரியூப் கழட்டி. கொம்பிரெஷன் 8.8 உள்ள எஞ்சினுக்கு 95 ஒக்ரேன் ஊத்துங்கோ. 92தான் கிடைக்குதெண்டால் தட்டும். 2 பாகை பின்னுக்கு எடுக்கலாம். பின்னுக்கு எடுத்தால் ஐட்லிங்கில எச்.சீ.யும் கொஞ்சம் இறங்கும், புகைக்குழாயில சூடு கூடுறதால. ஆனால் அதிலேயே தங்கி நிண்டு ரேடியேற்றர் கொதிச்சால் என்னைப் பேசக் கூடாது.

புது ரோட்டர் எண்டு சொன்னீங்கள். நடுவில றிவெற் அடிச்ச மலிவு ரோட்டரோ? அது சூடேறின பிறகு றிவெற் வழியா உள்ளுக்க கரன்ற் பாயும். பழைய ரோட்டர் வெடிக்காமல் இருந்தால் அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ.

பொயின்ற்ஸை விட்டு எலக்ரோனிக் மொடியூல் போட்டாலும் நல்லது.

பீசீரீஸ்:
மொடியூல் போடலாம், ஆனால் வாகனம் 66ஆம் ஆண்டு. கொம்பனியால வரேக்க இது பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின்ர பொசிற்றிவ் பக்கம் பொடியில பூட்டினது. இங்க ஓடுற சிலது பிறகு நெகற்றிவ் ஆக்கினது. பற்றறிக் கேபிள் எது பொடியில பூட்டியிருக்குதெண்டு பாத்து அதுக்கேத்த மொடியூல் எடுக்க வேணும். மாறிக் குடுத்தால் ஒரு நொடியில எரிஞ்சுபோகும். உண்மையில, சரியா வைச்ச பொயின்ற்ஸும் நல்ல கொண்டென்சரும் இந்த ரெஸ்ற்றுக்குப் போதும்.

இனிக் காத்து இழுக்கிற இடங்கள். திரொட்டில் ஸ்பின்டிலை (திரொட்டில் தட்டு சுத்துற தண்டு) கையால ஆட்டுங்கோ. ஆடினால் அதால காத்துப் போகுது. காத்துப் போனால் ஐட்லிங் குலுங்கும். குலுக்கத்தை நிப்பாட்ட மெக்கானிக் ஜெட்டைக் கீழ இறக்குவார், சீ.ஓ. ஏறும். பழைய எஸ்.யூ. எல்லாம் இப்பிடித்தான் கெட்டுப்போறது. ஸ்பின்டில் 5/16 அங்குலம். லேத் தெரிஞ்ச ஒருத்தரிட்டப் பொடியைக் குடுத்து வெண்கல புஷ் போடலாம். திரொட்டில் தட்டைத் திரும்பப் பூட்டேக்க ஸ்குரூவை மெல்ல இறுக்கி, தட்டை மூடி மையத்துக்கு வர விட்டு, பிறகு முழுசா இறுக்குங்கோ.

இன்லெற் மனிபோல்டும் எக்சோஸ்ற் மனிபோல்டும் ஒரே ஸ்ரட்டில ஒரே வாஷரால இறுகிறது. ஒரு பிளாஞ்ச் மற்றதை விட மெல்லிசா இருந்தால் அந்தப் பக்கம் இறுகாது. கசிவு பாக்கிறதுக்குக் காபரேற்றர் கிளீனர் அடிக்காதேங்கோ. இந்த எஞ்சினில காபரேற்றருக்கு நேர கீழ எக்சோஸ்ற், நெருப்புப் பிடிக்கும். தண்ணிப் போத்திலால மெல்லிசாத் தெளிச்சால் போதும். ஓட்டம் மாறின இடத்தில ஓட்டை.

இன்லெற் மனிபோல்டில வட்டமா ஒரு ஸ்மித்ஸ் பிரீதர் வால்வு இருக்கும். எஞ்சின் ஐட்லிங்கில ஓடேக்க ஒயில் மூடியைத் திறவுங்கோ. 200 ஆர்.பி.எம். அளவில ஓட்டம் ஏறினால் வால்வு நல்லம். ஒண்டும் மாறாட்டி, அல்லது நிக்கப் பாத்தால், டயபிரம் கிழிஞ்சுபோச்சு.

இதோட சேர்ந்த இன்னொண்டு, கனபேர் விடுகிறது: ஒயில். இவ்வளவு கூடப் பெற்றோல் குடிச்ச எஞ்சினில பெற்றோல் சம்புக்குள்ள (அடியில ஒயில் நிக்கிற தொட்டி) இறங்கியிருக்கும். சூடேறேக்க அந்த ஆவி பிரீதரால திரும்ப எஞ்சினுக்க வரும். காபரேற்றரை எப்பிடித் திருப்பினாலும் சீ.ஓ. இறங்காது. டிப்ஸ்ரிக்கை மணந்து பாருங்கோ. ரியூன் முடிய 20டபிள்யூ-50 ஒயிலும் பில்டரும் மாத்திப்போட்டு ரெஸ்ற்றுக்குப் போங்கோ.

கைதடியான்:
கனக்க நன்றி அண்ணை. சோக் கேபிள் உண்மையாவே இழுத்துப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்குது, பின் காபரேற்றரில ஜெட் முழுசா ஏறேல்லை. பிளக் 3, 4 கறுப்பு. பிறகு மிக்ஸ்சர் வைக்கிற ஒழுங்கைச் சொல்லுவீங்களோ? ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்ச் சாமான் பொருந்துமோ எண்டும் சொல்லுங்கோ, அது எண்டால் இங்க எடுக்கலாம்.

பீசீரீஸ்:
3, 4 கறுப்பெண்டால் கணக்குச் சரி.

எஞ்சின் முழுச் சூட்டில செய்யுங்கோ, குளிர்ந்ததில செய்தால் வீண் வேலை. இரண்டு காபரேற்றரின்ரயும் சிலின்டர் வடிவ மூடியையும் அதுக்குள்ள இருக்கிற பிஸ்ரனையும் கழட்டி, ஜெட்டைக் காபரேற்றர் வாயில இருக்கிற பாலத்தின்ர மட்டத்துக்கு வர நட்டை மேல ஏத்துங்கோ. பிறகு இரண்டிலயும் 12 பக்கம், அதாவது முழுசா இரண்டு சுத்து, கீழ இறக்குங்கோ. பிஸ்ரனையும் மூடியையும் சோடி மாத்திப் போடாதேங்கோ. நீடிலின்ர தோள் பிஸ்ரன் அடியோட மட்டமா இருக்க வேணும், இரண்டிலயும் ஒரே எழுத்து நீடில். பிஸ்ரனைத் தூக்கி விட்டால் 'டக்' எண்டு விழ வேணும். விழாட்டி ஜெட் நடுவில இல்லை.

திரொட்டில் இணைப்புக் கிளாம்ப் இரண்டையும் தளர்த்திப்போட்டு, ஒரு துண்டு ரப்பர் ரியூபைக் காதில வைச்சு இரண்டு வாயிலயும் சீறல் ஒண்டா வரும் வரை ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்புங்கோ. 800 அளவில நிக்கட்டும். பிறகு நட்டை ஒருமுறைக்கு ஒரு பக்கம் மட்டும், இரண்டையும் ஒரே அளவில. மேல ஏத்தினால் பெற்றோல் குறையும். பிஸ்ரனை 0.8 மி.மீ. உயர்த்திப் பாருங்கோ: ஓட்டம் ஏறி ஏறினபடியே நிண்டால் பெற்றோல் கூட, நிக்கப் பாத்தால் குறைவு, கொஞ்சம் ஏறித் திரும்ப இறங்கினால் சரி. ரெஸ்ற்றுக்கு அந்தச் சரியான இடத்திலயிருந்து அரைப் பக்கம் மேல ஏத்தலாம். அதுக்கு மேல ஏத்தினால் சீ.ஓ. இறங்கும், ஆனால் எரியாமல் விடுறதால எச்.சீ. திரும்ப ஏறும். கடைசியா ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு 2500 க்கு ஒருக்கா உயர்த்திக் குடல் கழுவி விடுங்கோ, இல்லாட்டி பிளக் ஊறிப் பொய் சொல்லும்.

கேம்பிரிட்ஜ் ஏ60 உம் இதே குடும்ப எஞ்சின்தான், 1622 சீசீ. பொயின்ற்ஸ், கொண்டென்சர், ரோட்டர் பொருந்தும். காபரேற்றர்ச் சாமான் பொருந்தாது. அதில எச்.எஸ்.2 ஒண்டு மட்டும். எச்.எஸ்.4 ஜெட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் ரியூப் வேற வேற, அதால சோடியா எடுங்கோ. கொழும்பில பஞ்சிகாவத்தையில தேடலாம், கிடைக்காட்டி இங்கிலாந்தில இருந்து கிற்றா எடுப்பிக்கிறது நல்லம்.

அச்சுவேலி_16வால்வ்:
பெற்றோலுக்குள்ள தின்னர் கலந்தால் புகை பாஸ் எண்டு சொல்லீனமே? அதோட என்னட்ட ஏடபிள்யூ11 ரொயோட்டா எம்.ஆர்.2, 4ஏ-ஜீ.ஈ. இஞ்செக்ஷன் எஞ்சின். அதுக்கும் இதேதானோ?

நல்லூர்_கராஜ்_பெடியன்:
தின்னரில ஒட்சிசன் சேர்ந்த திராவகம் இருந்தால் மிக்ஸ்சர் மெல்லிசாகும், சீ.ஓ. குறையும். அவ்வளவுதான் வித்தை. எஸ்.யூ.வில நட்டை அரைப் பக்கம் திருப்பினால் காசில்லாமல் அதே வேலை. ரப்பர், சீல், புளோட் எல்லாம் தின்னரில கரையும், செய்யாதேங்கோ.

4ஏ-ஜீ.ஈ. வேற கதை. தேர்மோஸ்ரற் பூட்டியிருக்குதோ எண்டு முதல் பாருங்கோ. வெயில் ஊர் எண்டு கழட்டி எறியிற பழக்கம் இங்க இருக்குது. எறிஞ்சால் எஞ்சின் சூடேறாது, கம்பியூற்றர் குளிரெண்டு நினைச்சுப் பெற்றோல் கூட்டும். தண்ணிச் சூட்டுச் சென்சரைக் கழட்டி மீற்றரால அளவுங்கோ: 20 பாகையில 2 தொடக்கம் 3 கிலோ ஓம், 80 பாகையில 0.2 தொடக்கம் 0.4. யாழ்ப்பாணத்துக் காலைச் சூட்டில 20 பாகைக்கு உரியதை விடக் குறைவாக் காட்டும், அது பழுதில்லை. கற்றலிற்றிக் உள்ள வாகனமெண்டால் மனிபோல்டில இருந்து கற்றலிற்றிக் வரைக்கும் ஒரு ஊசி ஓட்டையும் இருக்கக் கூடாது. அதால உள்ள இழுத்த காத்தை ஒட்சிசன் சென்சர் பிழையா வாசிச்சுப் பெற்றோல் கூட்டும்.

ரெஸ்ற் நாளில செய்ய வேண்டியது இரண்டு வாகனத்துக்கும் ஒண்டுதான். யாழ்ப்பாணத்தில இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடி வரைக்கும் ஒருக்கா ஓடித் திரும்பிப்போட்டு நேர போங்கோ. வரிசையில நிக்கேக்க எஞ்சினை ஐட்லிங்கில விட்டு வைக்காதேங்கோ, நிப்பாட்டுங்கோ. முறை வர முதல் ஸ்ரார்ட் பண்ணி 2500 இல இரண்டு நிமிசம் பிடியுங்கோ. சைலன்சரில உப்புக்காத்துத் திண்ட ஓட்டை இருந்தால் முதலே வெல்ட் பிடிச்சுவிடுங்கோ. காத்துக் கலந்தால் ஒட்சிசன் ஏறி காபனீரொட்சைட்டு இறங்கும், அளவையே ஏற்கமாட்டினம். அடிபட்டாலும் தாளை எறியாமல் இங்க போடுங்கோ, நாலு அளவும் தெரிஞ்சால்தான் சொல்லலாம்.

கைதடியான்:
சரி. கேபிள் மாத்தி, புளோட் பாத்து, வால்வு வைச்சுப்போட்டுத் தாளோட வாறன். பின் காபரேற்றர் ஸ்பின்டில் கொஞ்சம் ஆடுது. ரெஸ்ற்றுக்கு முதல் புஷ் போடத்தான் வேணுமோ?

பீசீரீஸ்:
தண்ணி தெளிக்கேக்க ஓட்டம் மாறினால் போடுங்கோ. மாறாட்டி இந்த வருசம் ஓடலாம். மாறுதெண்டு கண்டும் போடாமல் ஜெட்டைத் திருப்பிச் சமாளிக்க வெளிக்கிட்டால், 3, 4 திரும்பவும் கறுக்கும்.