ராத்திரி ஷிப்ட்: சத்தம் வராத மெக்கானிக்கல் கீபோர்டு எது? அவசரம்

ஆதம்பாக்கத்தான்:
வணக்கம். மெக்கானிக்கல் கீபோர்டில்தான் வேலை. ராத்திரி நான் தட்டினால் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. சத்தம் வராத நல்ல மெக்கானிக்கல் ஒன்று சொல்லுங்கள். சீக்கிரம் வேண்டும்.

கடகட:
இப்போது விசைகளுக்கு அடியில் இருப்பது என்ன சுவிட்ச்? நிறம் நீலமா, பழுப்பா, சிவப்பா? பட்ஜெட் எவ்வளவு? சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய போர்டா?

ரிச்சி தெரு ரசிகன்:
புதிதாக எதுவும் வாங்காதீர்கள் தம்பி. ஒவ்வொரு விசையின் மேல்மூடியான கீகேப்புக்கு அடியிலும் ரப்பர் ஓ-ரிங் மாட்டுங்கள், சத்தம் பாதியாகிவிடும்.

பழைய தட்டச்சர்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நல்லது. இருந்தாலும் சொல்கிறேன். நீல சுவிட்சின் ‘டிக்’ சத்தம் உள்ளே இருக்கும் துண்டிலிருந்து வருகிறது. மேலே வளையம் மாட்டினால் அது போகாது, கீகேப் கீழே போய் இடிப்பது மட்டும் குறையும். சிவப்பில் டிக் கிடையாது. ஆனால் இறங்கும்போது ஒரு இடி, திரும்பி எழும்போது ஒரு இடி. சைலன்ட் சுவிட்சில் இந்த இரண்டு இடங்களிலும் ரப்பர் மெத்தை உண்டு. செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் சைலன்ட் ரெட் சுவிட்ச் 1.9 மி.மீ. இறங்கினாலே எழுத்து பதிவாகும். அடிவரை குத்தாமல் தட்டப் பழகினால் இன்னும் அமைதி.

கடகட:
அவர் நீலம் என்று எங்கே சொன்னார்?

ஆதம்பாக்கத்தான்:
மன்னிக்கவும், நீலம்தான். கழற்ற முடியுமா என்று தெரியவில்லை. ஏசி இருப்பது ஒரே அறையில், இந்த வெயிலில் எல்லோரும் அங்கேதான் படுக்கிறோம். அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. இரும்பு மடக்கு மேசை.

கீகேப் கிட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நண்பரே! பாதிச் சத்தம் அந்த இரும்பு மேசையிலிருந்துதான் வரும். இன்றைக்கே ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து கீபோர்டுக்கு அடியில் போடுங்கள்.

அப்புறம், ஒரு ஓரத்து விசையின் கீகேப்பை எடுத்துவிட்டு, சுவிட்சை புல்லரால் (சுவிட்ச் கழற்றும் இடுக்கி) இரண்டு பக்கமும் அழுத்தி நேராக மேலே இழுங்கள். கழன்று வந்தால் மாற்றலாம். வராவிட்டால் ஈயத்தால் போர்டில் பற்றவைத்தது, வம்படியாக இழுக்காதீர்கள். வந்தால் அதன் கால்களைப் பாருங்கள். உங்கள் போர்டு மூன்று கால் வகையாக இருந்து, வாங்கும் சுவிட்சுக்கு ஐந்து கால் இருந்தால், ஓரத்து இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். உலோகக் கால்களில் கை வைக்கக் கூடாது. விலை குறைந்த சில போர்டுகளில் துளை சின்னதாக இருக்கும், மெல்லிய காலுள்ள அவுட்டெமு கம்பெனி சுவிட்ச் மட்டும்தான் நுழையும்.

ரிச்சி தெரு ரசிகன்:
ஸ்பேஸ்பார் தடதடத்தால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடலாம்.

கீகேப் கிட்டு:
ஐயோ, வேண்டாம் அண்ணே! தூசி ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். ஸ்பேஸ்பாரை ஆடாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி பிளாஸ்டிக்கில் உரசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும்.

தமிழ்99 பித்தன்:
தட்டுவதையே குறைக்கலாமே? தமிழ்99 தளக்கோலத்தில் (விசைகளில் எழுத்துகளை அடுக்கும் முறை) ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நாலே தட்டு, புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பில் (ammaa) ஐந்து ஆகிறது.

கடகட:
ராத்திரி ஷிப்டில் அவர் தமிழா அடிக்கப் போகிறார்? கேட்டது கீபோர்டு, நீங்கள் தளக்கோலத்துக்குப் போய்விட்டீர்கள்.

தமிழ்99 பித்தன்:
1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வந்த தளக்கோலம் அது. இன்னும் பாதிப் பேர் அம்மாவை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம். எனக்கு அது வருத்தம்தான்.

பழைய தட்டச்சர்:
தட்டச்சு வகுப்பில் கை பழகிய எங்களுக்குப் பழைய தட்டச்சு முறைதான் வேகம். அதைப் பற்றித் தனி இழை திறவுங்கள், அங்கே பேசலாம்.

ஆதம்பாக்கத்தான்:
கழன்று வந்தது, மூன்று கால் போர்டு. ஆன்லைனில் சைலன்ட் லீனியர் (சிவப்பு மாதிரி டிக் இல்லாத வகை) வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஜமுக்காளமும் போட்டாயிற்று. டிக் சுத்தமாக இல்லை, ஸ்பேஸ்பார் மட்டும் லேசாகத் தடதடக்கிறது. கிரீஸ் வாங்க வேண்டும். கிட்டு அண்ணனுக்கு நன்றி. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ரிச்சி தெரு ரசிகன்:
எந்த சுவிட்ச், என்ன விலை என்று சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி. என் வீட்டிலும் நீலம்தான்.