ஹேசல் தண்ணீர் குடித்தாளா?

குழு: தாத்தா வீடு

செவ்வாய், இரவு 8:10

தம்பி: சின்னக்கா, வெள்ளிக்கிழமை எந்த வாசல் வழியாக வர வேண்டும்? பிரௌன் கவுண்டி மாநிலப் பூங்கா என்று தேடினால் கைபேசி வடக்கு வாசலைக் காட்டுகிறது.

நான்: அந்த வழி வேண்டாம். வடக்கு வாசலில் 1838இல் கட்டிய கூரைப் பாலம் இருக்கிறது. மரத்தால் ஆனது. உயரமான வண்டி அதற்குள் நுழையாது. நாம் தங்கப்போகும் குதிரை முகாமுக்கு 135ஆம் எண் சாலையில் தனி வாசல். நேராக அங்கே வந்துவிடு.

தம்பி: எங்களிடம் குதிரையே இல்லை. நாங்கள் சாதாரண முகாமில் தங்கிக்கொள்ளட்டுமா?

நான்: அங்கிருந்து நீ வந்து போவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். பூங்கா கிட்டத்தட்ட 16,000 ஏக்கர். இண்டியானாவிலேயே பெரியது. உன் கூடாரத்துக்கும் சேர்த்துத்தான் இடம் எடுத்திருக்கிறேன். குதிரைப் பாதைகள் முகாமின் விளிம்பிலிருந்தே காட்டுக்குள் போகின்றன. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்.

பெரியக்கா: என் குதிரை கேப்டனுக்குக் காகின்ஸ் சான்றிதழ் வந்துவிட்டது. மருத்துவரிடம் ஆரோக்கியச் சான்றும் வாங்கிவிட்டேன். இரண்டையும் டிரெய்லரிலேயே வைத்துவிடுகிறேன்.

பெரியப்பா: அது என்ன காகின்ஸ், கண்ணு?

பெரியக்கா: இரத்தப் பரிசோதனை, பெரியப்பா. குதிரைகளுக்கு வரும் ஒரு வகை இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது. அது வைரஸால் வருவது. கடிக்கும் ஈக்கள் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒஹாயோவிலிருந்து குதிரையை இண்டியானாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் 12 மாதத்துக்குள் எடுத்த பரிசோதனை கையில் இருக்க வேண்டும்.

பெரியப்பா: நோய் இருப்பதாக வந்தால்?

பெரியக்கா: ஒன்று, கொன்றுவிட வேண்டும். இல்லையென்றால் ஆயுள் முழுக்க மற்றக் குதிரைகளிடமிருந்து 200 கெஜம் தள்ளித் தனியாக வைத்திருக்க வேண்டும்.

பெரியப்பா: ஐயோ பாவம். வாயில்லா ஜீவன்.

தம்பி: வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய ஆஷ் மரம் நிறைய விறகாகக் கிடக்கிறது. கொண்டுவருகிறேன்.

நான்: வேண்டவே வேண்டாம். பட்டைக்கு அடியில் பச்சை வண்டின் புழு இருக்கும். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. இவ்வளவு தூரம் அது பரவியதில் விறகு ஏற்றிய வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கேயே வாங்கிக்கொள்வோம்.

தம்பி: சரி. குதிரையைக் கட்டக் கயிறாவது கொண்டுவரட்டுமா? காடு முழுக்க மரம்தானே, எதிலாவது கட்டிவிடலாம்.

நான்: இதை மட்டும் எல்லோரும் முழுதாகப் படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு பூங்காவில் தங்கியிருந்தோம். பக்கத்து இடத்தில் இருந்தவர்கள் தங்கள் குதிரையை ஒரு சின்ன மேப்பிள் மரத்தில் நீளக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மண்ணை வெட்டுவதுபோல் ஒரு சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கயிறு பின்னங்காலில் குளம்புக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இழுத்து இழுத்துத் தோல் உரிந்து, சதை வெள்ளையாகத் தெரிந்தது. நான் கயிற்றை அறுக்கும்வரை அது என் தோளில் மூச்சுவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. அந்தச் சூடு இன்னும் நினைவில் இருக்கிறது. காலையில் பார்த்தால் மரத்தின் வேரெல்லாம் வெளியே. பட்டையைப் பல்லால் சுற்றிலும் உரித்துவிட்டிருந்தது. அந்த மரம் பிழைத்திருக்காது.

அதனால் மரத்தில் நேரடியாகக் கட்டுவது கிடையாது. கட்டுவதற்குக் கம்பம் இருக்கிறது. கம்பம் போதவில்லை என்றால் இரண்டு பெரிய மரங்களுக்கு அகலமான துணிப் பட்டை சுற்றி, நடுவே கயிறு. குதிரையின் தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில், தொய்வில்லாமல். அதிலிருந்து தொங்கும் கயிறு, மூக்கு தரையைத் தொடும் அளவுக்கு இருந்தால் போதும். கால் தாண்டும் அளவுக்கு விடக் கூடாது. ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சுதான் போட வேண்டும்.

தம்பி: புரிந்தது அக்கா. கயிறு கட்டும்போது உன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

பாப்பா: மாமா, கயிறு கட்டுகிற இடத்தில் சிவப்பு மேப்பிள் இருக்கிறதா என்று நான் பார்த்துவிடுகிறேன். அதன் வாடிய இலை குதிரைக்கு விஷம்.

பெரியப்பா: இலையிலா விஷம்?

பாப்பா: ஆமாம் தாத்தா. பச்சையாக இருக்கும்போது அவ்வளவு ஆபத்து இல்லை, உதிர்ந்து வாடினால்தான். ஒரு கிலோவுக்கும் குறைவாகத் தின்றாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அக்டோபரில் காடே சிவந்து உதிர்கிறது, அதனால்தான் பயம்.

பெரியக்கா: நான் இலை வாரும் வாருகோல் ஒன்று கொண்டுவருகிறேன், கயிற்றடியை முதலில் பெருக்கிவிடலாம். உலர்புல்லும் நிறைய எடுத்துவருகிறேன். வயிறு நிறைந்திருந்தால் இலையைத் தேடாது.

பெரியப்பா: தண்ணீர்? அதை யாரும் சொல்லவில்லையே.

நான்: குழாய் இருக்கிறது பெரியப்பா. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டராவது வேண்டும்.

பெரியப்பா: குழாய் இருப்பது வேறு, குடிப்பது வேறு. உங்கள் தாத்தா கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டிய காலத்தில், சவாரி வெளியூர் போனால் குதிரை அந்த ஊர்த் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் இறங்காமல் உலர்ந்த தீனி மட்டும் உள்ளே போனால் குடல் கட்டிக்கொள்ளும். அவர் வண்டியின் அடியில் சொந்த வாளியைத் தொங்கவிட்டே போவார். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்குவார். எங்கே போனாலும் அதே வாளி, அதே ருசி. நீயும் இன்றைக்கே ஆரம்பி.

நான்: இங்கேயும் ஆப்பிள் சாறு கலந்து கொடுப்பார்கள் பெரியப்பா. வீட்டில் வெல்லம் இருக்கிறது. ஹேசலுக்கு இப்போதே கரைக்கிறேன். பக்கத்தில் வெறும் தண்ணீரும் ஒரு வாளி வைக்கிறேன்.

பெரியப்பா: நெல்லிக்காய் அளவு போதும்.

வெள்ளி, இரவு 9:25

பெரியக்கா: பெரியப்பா, எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். கயிறு இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே. தம்பிதான் பட்டை சுற்றினான். கேப்டன் வந்தவுடன் ஒரு வாளி காலி செய்துவிட்டான்.

பெரியப்பா: அந்தப் பெண் குதிரை?

நான்: ஹேசல் இன்னும் குடிக்கவில்லை. வாளியில் மூக்கை வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள். மான் சத்தம் கேட்டால் காதை விறைத்துக்கொள்கிறாள். ஈறு ஈரமாகத்தான் இருக்கிறது. லத்தி போட்டாள், கொஞ்சம் காய்ந்திருக்கிறது. இப்போதைக்குப் புல்லை நனைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பெரியப்பா: இங்கே விடிந்துவிட்டது. நான் விழித்துத்தான் இருக்கிறேன். அவளை அவசரப்படுத்தாதே. கேப்டனைப் பக்கத்தில் கட்டு, அவன் குடிப்பதைப் பார்க்கட்டும்.

தம்பி: இடம் மாற்றிவிட்டோம் பெரியப்பா. இரண்டும் பார்த்துக்கொள்ளும், உதைத்துக்கொள்ளும் தூரம் இல்லை.

பாப்பா: அம்மா, நீங்கள் தூங்குங்கள். பன்னிரண்டு மணிவரை நான் பார்க்கிறேன்.

சனி, அதிகாலை 4:50

நான்: பெரியப்பா, மூன்று மணிக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டு எழுந்தேன். வெல்ல வாளியில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இப்போது மறுபடியும் குடித்தாள். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் சட்டையில் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பெரியப்பா: லத்தி?

நான்: ஈரமாக இருக்கிறது, வழக்கம்போல.

பெரியப்பா: சரி கண்ணு. இனி சேணம் போடலாம்.