சோலைக்காட்டுக்குள்ள சின்ன மிரர்லெஸ்: உங்க அனுபவத்த சொல்லுங்க

யானை, புலி, இருவாச்சின்னு எல்லாரும் நெறைய பகிர்றோம், காட்டைக் காடாவே எடுக்கிறவங்க பேச்சு மட்டும் கம்மியா இருக்கு. மரம், கொடி, பாசி, மூட்டம் இதையே எடுக்கிறவங்க, அதுவும் சின்ன மிரர்லெஸ் பாடி (உள்ள கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாத்துற கேமரா) வச்சுட்டு சுத்துறவங்க உங்க அனுபவத்த எழுதுங்க. மொதல்ல என்னோடத சொல்லிடறேன்.

நான் கோத்தகிரி. லாங்வுட் சோலை ஊரை ஒட்டியே இருக்கு, 116 ஹெக்டேர், 2024 ஜனவரில ராம்சார் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாங்க, சுத்தி இருக்கிற ஊருங்களுக்கு தண்ணி குடுக்கிறதும் அந்த சோலைதான். வெளிய ரோட்டுல நல்ல வெயில் அடிக்கும், உள்ள நாலு எட்டு வச்சீங்கன்னா சாயங்காலம் ஆன மாதிரி இருட்டிடும். கொடைக்கானல் பைன் காட்டுல படம் எடுத்துட்டு அதே நெனப்புல சோலைக்கு வர்றவங்க திணறிப் போயிடறாங்க, ஏன்னா பைன் நட்டு வச்ச மரம், தூண் மாதிரி வரிசையா நிக்கும், எங்க நின்னு எடுத்தாலும் ஒரு ஒழுங்கு வந்துடும். சோலைல ஒரு மரம் நேரா இருக்காது, குட்டையா முறுக்கிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிருக்கும், அது மேல பாசி, அது மேல பெரணி, அதுக்கு மேல ஆர்க்கிட். கண்ணுக்கு சொர்க்கம், படத்துல வெறும் பச்சைக் குப்பையாத்தான் விழும்.

என் கையில இருக்கிறது ஃபூஜி எக்ஸ்-டி30, கூட 18-55 எம்எம் லென்ஸ், அப்புறம் தூரத்த இழுத்துப் பிடிக்கிற அந்த லேசான 50-230. பாடியும் 50-230ம் சேர்ந்து முக்கால் கிலோ சொச்சம்தான் வரும். எடைய சொல்றதுக்கு காரணம் இருக்கு. சோலைல படம் நடந்து கெடைக்காது, நின்னு பாத்தாத்தான் கெடைக்கும். ஒரே எடத்துல அரை மணி நேரம் நின்னுட்டு ரெண்டடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம்னு நகந்து, முன்னாடி மரம் பின்னாடி மரத்த மறைக்காம எங்க பிரியுதுன்னு பாக்கணும். கழுத்துல ரெண்டு கிலோ தொங்கினா அந்தப் பொறுமை வராது, எடுத்தோமா போனோமான்னு ஆயிடும்.

சோலைன்னா அகலமா எல்லாத்தையும் அடக்குற வைட் லென்ஸ்தான்னு பெரும்பாலும் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. வைட் போட்டீங்கன்னா மேல வெள்ளை வெள்ளையா வானம் ஓட்டை ஓட்டையா தெரியும், கண்ணு நேரா அங்கதான் போகும், கீழ குச்சியும் சருகும் நெறஞ்சிடும். 50லேருந்து 130 எம்எம் வரைக்கும்தான் எனக்கு அதிகமா படம் வந்திருக்கு. ஒரு தண்டு, அதுல தொங்குற தாடிப் பாசி, பின்னாடி மூட்டத்துல கரையிற இன்னொரு மரம், அவ்ளோ போதும். சோலைக்குள்ள போகணும்னுகூட இல்ல. பிப்ரவரி மார்ச்ல எதிர்ப்பக்க புல்வெளிலயோ ரோட்டோரமோ நின்னு சோலை உச்சியப் பாருங்க, துளிர் விடுற நேரம், நாவல் ஜாதி மரமெல்லாம் செம்பு நெறத்துல, பக்கத்து மரம் இளம்பச்சைல, இன்னொண்ணு கரும்பச்சைல, நடுவுல காட்டுப்பூவரசு செக்கச்செவேல்னு பூத்திருக்கும். அத 200 எம்எம்ல அப்படியே இழுத்துப் பிடிச்சா வேற எதுவும் வேண்டாம்.

மிரர்லெஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, யாருமே இத செய்றதாத் தெரியல. ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடுங்க, ஆனா கண்ண வச்சுப் பாக்கிற வ்யூஃபைண்டர கறுப்பு வெள்ளைக்கு மாத்திக்கங்க. பச்சை மேல பச்சை மேல பச்சைன்னு இருக்கிற எடத்துல கலர் நம்மள ஏமாத்துது, கறுப்பு வெள்ளைல பாத்தா எது வெளிச்சம், எது இருட்டு, எந்தத் தண்டு தனியா நிக்குது எல்லாம் பளிச்சுன்னு தெரியும், ரா ஃபைல்ல கலர் அப்படியே பத்திரமா இருக்கும். கண்ணாடி வழியா பாக்கிற பழைய டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர்ல இதுக்கு வழியே இல்ல. எக்ஸ்போஷர் (படத்துல விழுற வெளிச்ச அளவு) விஷயமும் அதே மாதிரி, மூட்டத்துல கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்த சாம்பலாக்கும், முக்கால் ஸ்டாப் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்தணும், மூட்டம் இல்லாத இருட்டுச் சோலைல அதே மீட்டர் இருட்ட வெளுக்க வச்சிடும், அங்க முக்கால் ஸ்டாப் இறக்கணும். ஏத்துறது இறக்குறது எல்லாம் எடுக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு முன்னாடி தெரியுது பாருங்க, அது பெரிய விஷயம்.

அப்புறம் போலரைசர், லென்ஸ் முன்னாடி மாட்டித் திருப்புற ஃபில்டர். மழை விட்டதும் ஒவ்வொரு இலையும் வானத்தத் திருப்பி அடிச்சு வெள்ளையா மினுங்கும், போலரைசர மெதுவா திருப்பத் திருப்ப அந்த மினுக்கம் எறங்கி உள்ளேருந்து பச்சை ஏறி வர்றத வ்யூஃபைண்டர்லயே பாக்கலாம். எடிட்டிங்ல இத கொண்டு வரவே முடியாது. ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தத் திங்கும், அதுக்கு ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கிற அளவு) 1600, 3200 வரைக்கும் தைரியமா ஏத்துங்க.

*

வால்பாறைலேருந்து:

தம்பி, அந்தக் கறுப்பு வெள்ளை விஷயத்த இன்னிக்கே செஞ்சு பாக்கிறேன். நான் எஸ்டேட் பக்கத்துலயே குடியிருக்கேன், மழைன்னா என்னன்னு எங்கள கேளுங்க, மழைக்குப் பேர் போன சின்னக்கல்லார் எங்க பக்கம்தானே. எங்கிட்ட இருக்கிறது பழைய ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2, 2015ல வந்த மாடல், அதோட சின்னத கிட்டப்போய் பெருசா எடுக்கிற 60 எம்எம் மேக்ரோ லென்ஸ். சென்சார் சின்னதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா பாடிக்குள்ளயே கை ஆட்டத்த சரிக்கட்டுற ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதால ட்ரைபாட் இல்லாம எடுக்க முடியுது, எங்க பக்கம் ட்ரைபாட் விரிச்சு நிதானமா உக்காரவே முடியாது, அட்டை விடாது. கால்ல உப்பும் மூக்குப்பொடியும் தடவிட்டுத்தான் கெளம்புவோம், அப்படியும் ஏறும்.

நான் எடுக்கிறது பெரும்பாலும் கீழ கெடக்கிறது. மக்கிப்போன கட்டை, அதுல மொளைக்கிற காளான். ஒரு விரல் நகம் அளவுகூட இருக்காது, குடை ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி தொங்கிட்டு இருக்கும், அடிப்பக்கம் செதில் செதிலா மடிப்பு, பின்னாலேருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தா அந்த மடிப்பு ஒவ்வொண்ணும் வெளக்கேத்தின மாதிரி தெரியும். கேமராவ அந்தக் கட்டை மேலயே சாத்தி வச்சு, ஸ்க்ரீன மேல மடக்கிட்டு, மூச்ச விட்டு கால் செகண்ட்ல எடுப்பேன். ஸ்க்ரீன் மடங்குறது எனக்கு உயிர் காக்கிற விஷயம், நெசமாத்தான் சொல்றேன், மண்ணுல படுக்க வேணாம், அதோட ஒரு கண்ண வ்யூஃபைண்டர்ல ஒட்டி வச்சுட்டு இருந்தா பக்கத்துல காட்டுமாடு வந்தாலும் தெரியாது, யானை வந்தாலும் தெரியாது. ஸ்க்ரீன பாத்து எடுத்தா தலை நிமிந்தே இருக்கும், காதும் தொறந்திருக்கும்.

இன்னொண்ணு சைலண்ட் ஷட்டர், அதாவது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) ரோட்டோரமே வரும், அதுங்க ரோட்டக் கடக்கிறதுக்கு மேல பாலம்கூட கட்டி விட்டிருக்காங்க. கூட்டமா வண்டிய நிறுத்தி, கத்தி, தீனி போட்டு எடுக்கிறவங்கள பாத்தா வயிறு எரியும். நான் காளான் எடுத்துட்டு இருந்தப்போ ஒரு தாய் மந்தி குட்டியோட பக்கத்து மரத்துல எறங்கி உக்காந்து பழம் தின்னுட்டு இருந்துச்சு, சத்தமே இல்லாம எடுத்துட்டே இருந்தேன், அது ஒரு தடவகூட என்னைத் திரும்பிப் பாக்கல. அந்தப் படத்துல மந்தி சின்னதா ஓரத்துல இருக்கு, முக்கால்வாசி மரம்தான், எனக்கு அதுதான் வேணும். ஆனா ஒண்ணு, எலக்ட்ரானிக் ஷட்டர்ல கேமராவ வேகமா திருப்பினா மரமெல்லாம் சாஞ்சு வரும், உக்காந்திருக்கிறத மட்டும் எடுங்க.

*

திண்டுக்கல்லேருந்து:

வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் கேமரா சர்வீஸ் பண்றவன், கொடைக்கானல்லேருந்து எறங்கி வர்ற கேமரா எல்லாம் எங்க மேசைக்குத்தான் வரும். மலைக்காட்டுல எடுக்கிறவங்களுக்கு மழையவிட பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி படந்து வரும், ஆரம்பத்துல தொடச்சிடலாம், விட்டுட்டா கோட்டிங்க அரிச்சிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

மழைல நனைஞ்சு வர்றத விட, ஈரத்தோட பையில மூடி வைக்கிறதாலதான் பூஞ்சை புடிக்குது. வீட்டுக்கு வந்ததும் பைய தொறந்து போட்டு, லென்ஸ தனியா கழட்டி துணியால தொடச்சு காத்தாட வைங்க. ட்ரை கேபினெட் வாங்க முடிஞ்சா நல்லது, இல்லன்னா ரப்பர் வளையம் வச்ச காத்துப்புகாத டப்பா ஒண்ணு, சிலிக்கா ஜெல், சின்னதா ஒரு ஈரப்பத மீட்டர், இது போதும். 40லேருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி. ஜெல் கலர் மாறினா வாணலில லேசா வறுத்தா திரும்பப் பயன்படும். தோல் உறைல போட்டு மாசக்கணக்கா பீரோல வைக்காதீங்க.

மலையிலேருந்து எறங்கும்போது இன்னொரு விஷயம். மேல குளிர்ல கேமரா சில்லுன்னு இருக்கும், வத்தலக்குண்டு வந்ததும் வெக்கையும் புழுக்கமுமா இருக்கும், அங்க டீ குடிக்க நிறுத்தி பைய தொறந்தீங்கன்னா கண்ணாடி மேல மட்டும் இல்ல, உள்ளயும் வேர்த்துடும். மேலயே ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழிச்சுத் தொறங்க. வண்டில ஏசி போட்டு மழைக்காட்டுக்குப் போறவங்களுக்கும் இதேதான்.

மிரர்லெஸ்ல லென்ஸ கழட்டினா பெரும்பாலும் சென்சார் அப்படியே தெரியும், கண்ணாடி மறைப்பு கெடையாது. சாரல்ல லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க. மாத்தியே ஆகணும்னா ஆஃப் பண்ணி, வாயக் கீழ பாத்து புடிச்சு, குடைக்குள்ள மாத்துங்க.

*

புதுக்கோட்டைலேருந்து:

அண்ணே, எல்லாரும் மலையப் பத்தியே பேசறீங்க, எங்க ஊருப் பக்கம் கோயில்காடு இருக்கு. அய்யனார் கோயிலச் சுத்தி வீரை, காயா, உலக்கைப்பாலைன்னு குட்டையான எப்பவும் பச்சையா இருக்கிற காடு. நடுவுல மண்குதிரை வரிசையா நிக்கும், பழைய குதிரை ஒடஞ்சு மண்ணோட மண்ணா கெடக்கும், அதுக்குள்ளேருந்து வேர் கெளம்பியிருக்கும். நான் ஒரு சின்ன பாடில 35 எம்எம் லென்ஸ் ஒண்ண மட்டும் மாட்டிட்டு போவேன்.

எங்களுக்கு மூட்டம் கெடையாது, வெயில்தான். எலைக்கு நடுவுல விழுற வெயில் பொட்டுப் பொட்டா தரைய பொசுக்குது, நெழல் கரியா இருக்கு, எந்த சென்சாரும் ரெண்டையும் தாங்காது. அதனால மார்கழி, தை மாசம் விடியக்காலைல போறேன், சூரியன் பனமர உசரம் வர்றதுக்குள்ள முடிச்சிடணும். அந்த நேரத்துல வெயில் பக்கவாட்டுல வரும், காயா மரத்துல தண்டு மெலிசு, நெறைய தண்டு ஒரே அடிலேருந்து வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் தங்கக் கோடு விழும். ஹைலைட் (வெளிச்சம் அதிகமா விழுற எடம்) வெளுக்காம பாத்துக்கங்க, அந்த எடத்துல கோடு கோடா காட்டுற வரிக்குதிரைக் கோடு எச்சரிக்கைய ஆன் பண்ணி வச்சா எங்க எரியுதுன்னு வ்யூஃபைண்டர்லயே தெரியும், நெழல அப்புறம் தூக்கிக்கலாம்.

பூசாரிகிட்ட கேட்டுட்டுத்தான் போவேன், செருப்ப வெளிய விட்டுடணும், ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாதுங்கிறது ஊர் வழக்கம். படத்துக்குக் குறுக்க இருக்கிற கெளைய ஒடைக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, கோயில்காடா இருந்தாலும் சரி, சோலையா இருந்தாலும் சரி, நாம நகந்துக்கலாம். சின்ன கேமரான்னா ஊர்க்காரங்களுக்கும் மெரட்சி இல்ல, பெருசா தூக்கிட்டுப் போனா சேனல்காரங்கன்னு நெனச்சுக்கறாங்க.

*

சென்னைலேருந்து:

ப்ரோ, நான் புதுசு. பட்ஜெட் கம்மி, செகண்ட் ஹேண்ட்ல சின்ன மிரர்லெஸ் தேடிட்டு இருக்கேன். கூட வர்ற கிட் லென்ஸே போதுமா? சோலைக்குள்ள போக பர்மிஷன் எங்க வாங்கணும்?

*

கோத்தகிரி, மறுபடியும்:

தம்பி, கிட் லென்ஸோட ஆரம்பிங்க, மொதல் வருஷத்துக்கு தாராளம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸ வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சு உள்ள வலை மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க, திண்டுக்கல் சார் சொன்னத மறந்துடாதீங்க. காசு மிச்சம் இருந்தா அடுத்து நல்ல போலரைசர், அதுக்கப்புறம் 200 எம்எம் வரைக்கும் போற லேசான ஜூம். என் 18-55, 50-230 ரெண்டுக்கும் ஃபில்டர் அளவு 58 எம்எம்தான், ஒரே போலரைசர் ரெண்டுக்கும் ஓடுது, வாங்கறப்பவே இந்த அளவையும் பாத்துக்கங்க.

மூட்டத்துல ஆட்டோ ஃபோகஸ் புடிக்காம முன்னாடியும் பின்னாடியும் ஓடிட்டே இருந்தா சண்டை போடாதீங்க, மேனுவலுக்கு மாத்தி, வ்யூஃபைண்டர்ல பெருசாக்கி, பாசி இருக்கிற தண்ட பாத்து திருப்புங்க. லென்ஸ் துவாரத்த எஃப் 8ல வச்சா பெரும்பாலும் போதும்.

பர்மிஷன் இல்லாம ரிசர்வ் ஃபாரஸ்ட்ல கால் வைக்கக் கூடாது, அபராதம் மட்டும் இல்ல, கேஸே ஆகும். 2024 அக்டோபர்ல வனத்துறை தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்னு ஆரம்பிச்சு 40 பாதை தொறந்து விட்டாங்க, ஆன்லைன்ல புக் பண்ணலாம், கூடவே வழிகாட்டி வருவாங்க, அவங்க பெரும்பாலும் அந்தந்த மலை ஊர்க்காரங்க, எந்த மரம் எப்போ பூக்கும்னு அவங்களுக்குத் தெரியும், நின்னு எடுக்கணும்னு மொதல்லயே சொல்லிடுங்க. கோடைல காட்டுத்தீ சமயம் மூடிடுவாங்க, பாத்து திட்டம் போடுங்க. ஊட்டி அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைல கொட்டும், எங்க கோத்தகிரிக்கு வடகிழக்குதான் முக்கியம், அக்டோபர் கடைசி, நவம்பர்ல வந்தீங்கன்னா மூட்டம் நிக்கும். குடை ஒண்ணு, தொடைக்கிறதுக்கு ரெண்டு மூணு பருத்தித் துணி, கூடுதலா ஒரு பேட்டரி எடுத்துட்டு வாங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கும், சட்டைப் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சுக்கங்க.