60 பவுனையும் சேர்த்தால்தான் ஒரு கோடியா?

கணக்குப்பிள்ளை:
நேற்று இந்த இணைய மன்றத்தில் கோடிக்குமரன் என்ற நண்பர் "38 வயதில் என் முதல் கோடி! 45-ல் வேலைக்கு முழுக்கு!" என்று எழுதி, குடும்பத்தோடு கேக் வெட்டும் படத்தையும் போட்டிருந்தார். நானும் வாழ்த்தத்தான் போனேன். கணக்கைப் படித்ததும் கை நின்றுவிட்டது. ஜூலை 2025 நிலவரம் என்று அவரே கொடுத்தது இது: பி.எஃப். 21 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 31 லட்சம், வங்கி டெபாசிட் 5 லட்சம், மனைவியின் நகை 60 பவுன், பவுன் 72,000 வீதம் 43 லட்சத்து 20 ஆயிரம்.

நகையை எடுத்துவிட்டால் 57 லட்சம். 57 லட்சம் வைத்திருக்கிறவர் கோடி என்று கேக் வெட்டுகிறார், நூறு பேர் கைதட்டுகிறார்கள். மனைவி கழுத்தில் கிடப்பது எப்படி ஐயா உங்கள் ஓய்வுக்கால நிதியாகும்? 33 வருடம் வங்கியில் இருந்தவன் கேட்கிறேன்.

கோடிக்குமரன்:
வணக்கம் சார். என் சந்தோஷத்துக்கு மன்றத்தில் தனித் திரி (விவாதப் பக்கம்) தொடங்கியதற்கு நன்றி. தங்கம் சொத்து இல்லையா? அவசரத்துக்கு எந்த வங்கியில் கொண்டுபோய் வைத்தாலும் அரை மணி நேரத்தில் பணம் தருகிறார்கள். உங்கள் வங்கியும் தந்திருக்கும். அப்போது மட்டும் அது சொத்து, நான் எண்ணினால் பாசி மணியா?

இன்னொன்று. அந்த எக்செல் கணக்கைப் போட்டதே என் மனைவிதான்.

கணக்குப்பிள்ளை:
நகைக்கடன் என்பது கடன் தம்பி. என் காலத்தில் மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவிட்டு வட்டி வாங்கினோம். கடன் வாங்கித்தான் ஓய்வுக்காலத்தை ஓட்டப் போகிறீர்களா?

சரி, விற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 72,000 என்பது கடைக்காரர் உங்களுக்கு விற்கிற விலை. நீங்கள் விற்கப் போனால் கல் எடை கழிப்பார், அரக்கு கழிப்பார், உருக்கினால் இவ்வளவு குறையும் என்பார். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். உங்கள் மொத்தக் கூட்டல் ஒரு கோடியே 20 ஆயிரம். நகைக்கடை வாசலை மிதித்த அந்த நிமிடமே கோடி காலி.

சும்மா_வந்தேன்:
மிச்சம் இருந்த அந்த 20 ஆயிரத்தில்தானே கேக் வாங்கியிருப்பார்? 😂

இண்டெக்ஸ் இளங்கோ:
தங்கத்தைச் சேர்ப்பது தப்புதான். ஆனால் அதைச் சொல்கிற தகுதி கணக்குப்பிள்ளைக்கு இல்லை. 2012-ல் 10 கிராம் சுமார் 31,000 ரூபாய். 2018-லும் ஏறத்தாழ அதேதான். ஆறு வருடம் ஓர் அடி நகரவில்லை. இப்போது ஏறுகிறது என்று எல்லோரும் நகைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கோடீஸ்வரர் ஆகிறார்கள். குமரன், அந்த மியூச்சுவல் ஃபண்ட் 31 லட்சத்துக்குக் கேக் வெட்டுங்கள், நான் முதல் ஆளாக வாழ்த்துகிறேன்.

தாமரை_ஈரோடு:
ஆண்கள் நான்கு பேர் கூடி ஒரு பெண்ணின் நகையை எடை போடுகிறீர்கள். நன்றாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் என் நகையும் கணக்கில் உண்டு. நான்தான் சேர்த்தேன். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட அடமானம் வைத்ததும் நான், மீட்டதும் நான். மியூச்சுவல் ஃபண்டை மட்டும் பணம் என்று எண்ணுகிறவர்கள், வீட்டில் எந்த ஆபத்துக்கு எது முதலில் வெளியே போகிறது என்று யோசித்துப் பார்க்கட்டும். இங்கே தங்கம்தான் போகும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். உங்கள் நகை, உங்கள் கணக்கு, நீங்கள் எண்ணுங்கள். குமரன் எப்படி எண்ணலாம்? சீதனம் மனைவிக்கே முழு உரிமையான சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் மறுபடியும் சொன்னது: கணவனுக்கு அதில் ஆளுகை கிடையாது, கஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டும். அப்படியானால் குமரனுக்கு அந்த 60 பவுன் வரவா, கடனா?

தாமரை_ஈரோடு:
எனக்காக வாதாட உங்களை நான் வக்கீலாக வைக்கவில்லை. குமரன் "குடும்பத்தின் முதல் கோடி" என்றுதானே எழுதியிருந்தார்?

கணக்குப்பிள்ளை:
இல்லை. "என் முதல் கோடி". படியெடுத்து வைத்திருக்கிறேன்.

கோடிக்குமரன்:
"எங்கள்" என்று காலையிலேயே திருத்திவிட்டேன் சார்.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்ட பிறகு திருத்தினீர்கள். அதுவும் கேக் வயிற்றுக்குள் போன பிறகு.

புதுமுகம்77:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே புதிது. ஒரு சின்ன சந்தேகம். கோடியா இல்லையா என்பதைவிட, குமரன் அண்ணாவின் மாதச் செலவு எவ்வளவு என்பதுதானே முக்கியம்? 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் முதல் ஆண்டில் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார். ஆண்டுச் செலவில் 25 மடங்கு வேண்டும் என்பது அதிலிருந்து வந்ததுதான். மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 6 லட்சம், 25 மடங்கு ஒன்றரைக் கோடி. அதுவும் அமெரிக்கச் சந்தையை வைத்து, 30 வருட ஓய்வுக்கு. 45-ல் ஓய்வு பெற்றால் 40, 45 வருடம் ஓட்ட வேண்டுமே? முதலில் ஓய்வு என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு...

இண்டெக்ஸ் இளங்கோ:
தம்பி, நல்ல கேள்வி, தனித் திரி தொடங்குங்கள். இங்கே நகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சும்மா_வந்தேன்:
நகைக்கு ஒரு தகவல். திருமணமான பெண்ணிடம் 500 கிராம் வரை இருந்தால் வருமான வரிச் சோதனையில் கைப்பற்றக் கூடாது என்று 1994-லேயே நேரடி வரிகள் வாரியத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. 60 பவுன் 480 கிராம். குமரன், இன்னும் 20 கிராம் வாங்கலாம். 👍

கோடிக்குமரன்:
பார்த்தீர்களா? அரசாங்கமே 500 கிராம் வரை ஒத்துக்கொள்கிறது.

கணக்குப்பிள்ளை:
எதை ஒத்துக்கொள்கிறது? சோதனைக்கு வருகிறவர்கள் எடுத்துப் போக மாட்டார்கள் என்பதுதான் அந்த அறிவுறுத்தல். "இதை வைத்து வேலையை விடு" என்று வாரியம் சொல்லவில்லை. தலையும் காலும் தெரியாமல் ஆளாளுக்குப் பேசினால் எப்படி?

மேலும், அந்தப் படத்தில் உங்கள் வீட்டம்மா கழுத்தில் ஒரே ஒரு மெல்லிய செயின்தான் இருந்தது. மீதி எங்கே? ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறதா? அப்படியானால் கடனையும் கழித்துக்காட்ட வேண்டும்.

தாமரை_ஈரோடு:
அடுத்தவர் மனைவி கழுத்தில் எத்தனை செயின் என்று எண்ணிப் பார்ப்பதுதான் 33 வருட வங்கி அனுபவமா?

கணக்குப்பிள்ளை:
படத்தைப் பொதுவில் போட்டது நான் இல்லை. நான் பார்த்தது கணக்கை.

தாமரை_ஈரோடு:
கணக்கு கழுத்திலா இருக்கிறது?

கோடிக்குமரன்:
சார், நகை லாக்கரில் இருக்கிறது. இதற்கு மேல் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் மரியாதை கெட்டுவிடும். கோடி வந்தால் யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்று அம்மா சொன்னார்கள். எந்தக் கண் என்று இப்போதுதான் தெரிகிறது.

சும்மா_வந்தேன்:
கண்ணுக்குப் பிறகு, முதலில் கைமாத்து கேட்டு யார் வந்தார்கள் குமரன்? எனக்கு 10 லட்சம் சேர்ந்ததை வாட்ஸ்அப்பில் போட்டேன். மச்சான் மறுநாளே வந்துவிட்டார், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு.

கணக்குப்பிள்ளை:
சிரித்துப் பேசி விஷயத்தை மடைமாற்ற வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: 60 பவுனை விற்பீர்களா, மாட்டீர்களா? விற்பேன் என்றால் எண்ணுங்கள். மாட்டேன் என்றால் எண்ணாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருப்பதை ஓய்வு நிதி என்று சொல்லிக்கொண்டு, கல்யாணச் செலவு என்றும் தனியாக ஒரு வரி போடுவீர்கள். ஒரே நகை இரண்டு இடத்தில்.

இண்டெக்ஸ் இளங்கோ:
இவ்வளவு கறாரான மனிதர்தான் 2020 மார்ச் 23-ஆம் தேதி, சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடு 25,981-ல் முடிந்த அன்று, "பங்குச் சந்தை முடிந்தது, எல்லாவற்றையும் விற்று டெபாசிட்டில் போடுங்கள்" என்று இங்கே எழுதினார். 2025 ஜூலையில் சென்செக்ஸ் 80,000-க்கு மேலே இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு விற்றவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், அவர்களுக்கும் ஒரு கேக் வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நான் எழுதியது "பணம் உடனே தேவைப்படுகிறவர்கள் விற்கலாம்" என்று. முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியைக் காட்டுவது உங்கள் பழைய வேலை. விவசாய நிலத் திரியிலும் இதைத்தான் செய்தீர்கள்.

இண்டெக்ஸ் இளங்கோ:
விவசாய நிலத் திரியில் என்ன? செண்ட் கணக்கை ஏக்கராக மாற்றத் தெரியாமல் நீங்கள் போட்ட கூத்துதானே?

கணக்குப்பிள்ளை:
நூறு செண்ட் ஒரு ஏக்கர் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். என் அப்பா கிராம முன்சீப்.

புதுமுகம்77:
குமரன் அண்ணா, மாதச் செலவு மட்டும் சொன்னால் போதும்...

தாமரை_ஈரோடு:
இளங்கோ சார், நீங்களும் அடங்குங்கள். தங்கம் ஆறு வருடம் நகரவில்லை என்றீர்களே, 2015 நவம்பரில் அரசாங்கம் தங்கப் பத்திரம் தொடங்கியபோது முதல் தவணையில் வாங்கினேன். வருடம் இரண்டே முக்கால் சதவீத வட்டி வேறு. அப்போது என்னை "நகைக்கடைக்கு ஏஜெண்ட்" என்றது யார்?

இண்டெக்ஸ் இளங்கோ:
ஏஜெண்ட் என்று சொல்லவில்லை மேடம். "ஏஜெண்ட் மாதிரி" என்றேன்.

கோடிக்குமரன்:
எல்லோருக்கும் ஒரே பதில். 10 லட்சம் சேர்ந்தபோது வீட்டில் பாயசம் வைத்தோம். 25-க்கு ஏற்காடு போனோம். 50-க்கு அப்பா அம்மாவுக்குத் துணி எடுத்தோம். நடுநடுவே இப்படி நின்று மூச்சு விடவில்லை என்றால் வருடக்கணக்கில் எவனால் சேர்க்க முடியும்? அடுத்து ஒன்றரைக் கோடி. அதற்கும் வெட்டுவேன். பவுனோடு சேர்த்தே வெட்டுவேன்.

கணக்குப்பிள்ளை:
25-க்குப் போன ஏற்காடு, அந்த 25-லிருந்து கழிக்கப்பட்டதா?

அப்புறம், 50 லட்சம் என்று துணி எடுத்தீர்களே, அதிலும் இந்த 60 பவுன் இருந்ததா? இருந்தது என்றால் அன்றும் நீங்கள் 50-ஐத் தொடவில்லை. அப்போது பவுன் என்ன விலை என்று ஆண்டோடு சொல்லுங்கள், நானே கழித்துத் தருகிறேன். நகைகள் எப்போது வாங்கியவை என்றும் சொல்லுங்கள். ஹால்மார்க் இல்லாத பழைய கே.டி.எம். (காட்மியம் சேர்த்துப் பற்றவைத்த) நகை என்றால் 916, அதாவது 22 காரட் விலை அப்படியே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கும், அதையாவது பார்த்து உறுதி செய்தீர்களா? விற்றால் மூலதன ஆதாய வரி பன்னிரண்டரை சதவீதம் வேறு இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் கண் பட்டுவிட்டது என்கிறீர்கள்.

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, குடும்பத்தினரைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியுள்ளேன். தலைப்பை ஒட்டிப் பேசவும்.

தாமரை_ஈரோடு:
என் பதிவை ஏன் நீக்கினீர்கள்? செயினை எண்ணியவர் பதிவு அப்படியே இருக்கிறது!

கணக்குப்பிள்ளை:
என்னுடையதையும் ஒன்று நீக்கியிருக்கிறார்கள். அதில்தான் முழுக் கணக்கும் இருந்தது. மறுபடியும் போடுகிறேன்: 21, 31, 5. கூட்டுத்தொகை 57.

இளங்கோ, அந்த 2020 பதிவின் சுட்டியைப் போடுங்கள். முழுதாக. முன்பாதியோடு.

இண்டெக்ஸ் இளங்கோ:
ஸ்கிரீன்ஷாட் வீட்டுக் கணினியில் இருக்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போனதும் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
போன வருடமும் சனிக்கிழமைதான் சொன்னீர்கள்.