ஒரு சிறு படத்திலிருந்து உலகத்தின் விதை எண்ணைக் கண்டறிவது அறிவியலா, பூட்டுடைப்பா?

மணற்கடிகை எழுதியது:

கட்டங்களால் உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில், இயல்பான தோற்றத் தொகுப்பின் சின்னமாக வரும் பழைய பேக்.பிஎன்ஜி படம் எந்த உலகில் எடுக்கப்பட்டது என்பதை 2020 செப்டம்பரில் சிலர் கண்டுபிடித்த கதையை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். அகலம் 128 பிக்சல், உயரம் 128 பிக்சல். அதில் ஓர் அருவியும் சில மரங்களும் ஒரு மேடும் மட்டுமே தெரிகின்றன. உலகம் சமவாய்ப்பு முறையில் உருவாகிறதென்றால், விளைவிலிருந்து பின்னோக்கி நடந்து அதன் விதை எண்ணை, அதாவது அவ்வுலகம் முழுவதும் உருவாகத் தொடங்கும் எண்ணை, அடைவது எவ்வாறு இயலும்?

இன்னொன்று என் சொந்தக் காரணம். 2011 கோடை விடுமுறையில் நானும் தம்பியும் சேர்ந்து கட்டிய உலகம் பழைய வன்தட்டோடு அழிந்துவிட்டது. ஒரே ஒரு திரைப்பிடிப்புதான் எஞ்சியிருக்கிறது. அதைக் கொண்டு அந்த உலகத்தைத் தேட முடியுமா?

பிட் எண்ணி எழுதியது:

சமவாய்ப்பு என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. விளையாட்டு பயன்படுத்திய ஜாவா நிரல்மொழியின் எண் உருவாக்கி, தன் நிலையை 25214903917 ஆல் பெருக்கி, 11 ஐக் கூட்டி, கடைசி 48 பிட்டுகளை (இரும எண்ணின் இலக்கங்களை) மட்டும் வைத்துக்கொள்ளும் ஓர் எளிய இயந்திரம். பெருக்கும் எண் ஒற்றைப்படை என்பதால், முன்னோக்கிச் செல்லும் ஒவ்வோர் அடியையும் பிழையின்றிப் பின்னோக்கியும் எடுத்துவைக்கலாம். ஆகவே விதை எண்ணை 64 பிட் எண் என்று சொன்னாலும், பழைய பதிப்புகளில் நிலத்தை நிர்ணயித்தவை 48 பிட்டுகளே. அதாவது ஏறத்தாழ 281 லட்சம் கோடி வாய்ப்புகள்.

இனி ஒரு மரத்தைப் பாருங்கள். 16-க்கு 16 கட்டமுள்ள ஒரு துண்டுக்குள் அது நிற்கும் இடத்துக்கு இரண்டு எண்கள் எடுக்கப்படுகின்றன. சாதாரண மரத்தின் உயரத்துக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. பெருக்கினால் 768. அதற்கு மேல், இலைத்தொகுதியின் மூன்று அடுக்குகளில் ஒவ்வொரு மூலையிலும் இலை இருக்குமா இராதா என்பதற்கு ஒரு நாணயம் சுண்டப்படுகிறது. பன்னிரண்டு மூலைகளும் தெரியும் மரம் கிடைத்தால், அது ஒன்றே 21 பிட்டுக்கும் மேலான தகவலைத் தந்துவிடும். ஒரே துண்டில் தெளிவான மூன்று மரங்கள் போதும், 48 பிட்டைத் தாண்டிவிடலாம். மங்கலான படத்தில் எல்லா மூலைகளும் தெரிவதில்லை என்பதே உண்மையான சிக்கல். அதனால்தான் அந்தக் காட்சியை விளையாட்டுக்குள்ளேயே கட்டம் கட்டமாக மீண்டும் கட்டி, ஒளிப்படக் கோணத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

கூழாங்கல் எழுதியது:

விளக்கம் நன்று, ஆனால் இதை அறிவியல் என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. விடை ஏற்கெனவே நிரலில் இருக்கிறது. நாம் செய்வது திறவுகோல் தேடும் வேலை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயின்க் அமைப்பின் வழியே தன்னார்வலர்களின் கணினிகளை இத்தேடலுக்குப் பயன்படுத்தினார்கள். அதேபோல் தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு வேற்றுக்கோள் உயிர்களின் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டம் 1999 முதல் இயங்கி, 2020 மார்ச்சில்தான் புதிய வேலைகளை அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டில் ஒரு விளையாட்டின் சின்னப் படத்துக்காக அவ்வளவு மின்சாரத்தைச் செலவிட்டது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

பிட் எண்ணி எழுதியது:

மின்சாரக் கணக்கில் உங்களோடு வாதிட மாட்டேன். ஆனால் திறவுகோல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததே எல்லாமும் என்பது சரியன்று. இவ்வகை உருவாக்கியின் அடுத்தடுத்த எண்களை ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகளாகக் கொண்டால், அப்புள்ளிகள் வெளியெங்கும் பரவாமல் சில தளங்களில் மட்டுமே விழும் என்று 1968-லேயே ஜார்ஜ் மார்சாக்லியா நிறுவினார். அந்தப் பின்னல் அமைப்பைப் பயன்படுத்தினால், தேட வேண்டிய பரப்பில் பெரும்பகுதியைத் தொடாமலே ஒதுக்கிவிட முடியும்.

விளையாட்டின் தொடக்கத் திரையின் பின்னணிக் காட்சியை 2020 ஜூலையில் கண்டறிந்தபோது உதவியது மேகம். மேகப் படிவம் எல்லா உலகங்களுக்கும் ஒன்றே. அது ஓர் அச்சின் வழியாக மட்டும் நகர்கிறது. ஆகவே நேரம் தெரியாவிட்டாலும் மற்றோர் அச்சில் காட்சி நிற்கும் இடத்தை மேகமே காட்டிக்கொடுக்கிறது. ஒரு துண்டின் மரங்கள் உலகின் விதை எண்ணோடு அத்துண்டின் இருப்பிடத்தையும் கலந்தே முடிவாகின்றன என்பதால், இருப்பிடத்தில் பாதி கிடைத்தாலே தேடல் வெகுவாகச் சுருங்கும். அளவிடுகிறோம், பிழையைக் கணிக்கிறோம், கருதுகோள் பொய்த்தால் கைவிடுகிறோம். வானியலாளர் ஒளிப்புள்ளியை வைத்துச் செய்வதும் இதுதானே?

கூழாங்கல் எழுதியது:

வானியலாளருக்கு நிரலின் மூலவரிகள் கையில் இல்லை, நண்பரே. அந்த வேறுபாட்டைச் சிறியதென்று நான் கருதவில்லை. மேகம் பற்றிய பகுதியை மட்டும் மனமார ஏற்கிறேன். அது அழகான ஊகம்.

மணற்கடிகை எழுதியது:

இருவருக்கும் நன்றி. என் திரைப்பிடிப்பு ஜூலை இறுதியில் எடுத்தது, பீட்டா 1.7.3 பதிப்பு என்றே நினைக்கிறேன். பின்னால் ஏழு மரங்கள், அவற்றில் இரண்டு அருகருகே. மேகமும் தெரிகிறது. திரையில் ஆய எண்கள் இல்லை.

பிட் எண்ணி எழுதியது:

பதிப்பு அதுவேயானால் வாய்ப்பு உண்டு. 2021-இல் வந்த 1.18 முதல் வேறொரு உருவாக்கி வந்துவிட்டது. அங்கு 64 பிட்டும் பொருட்படும், அதாவது 65,536 மடங்கு கடினம். உங்கள் படத்தை அழுத்திச் சுருக்காமல் மூல வடிவில் பதிவேற்றுங்கள். அதற்கு முன் தம்பியிடம் ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள்: அந்த ஏழு மரங்களுள் நீங்கள் கன்று நட்டு வளர்த்தவை எவை, கோடரி பட்டவை எவை? தாமாக முளைத்த மரங்கள் மட்டுமே நமக்குச் சாட்சி சொல்லும்.

மணற்கடிகை எழுதியது:

கேட்டுவிட்டேன். இடப்பக்கம் உள்ள மூன்றும் அவன் நட்டவை என்று உடனே சொன்னான்; வீட்டு வாசலுக்கு நிழல் வேண்டுமென்று நட்டானாம். நான்கு எஞ்சுகின்றன. அருகருகே நிற்கும் இரண்டும் அந்த நான்கில் அடங்கும். இன்றிரவு பதிவேற்றுகிறேன்.