லாசரஸ் பழகுகிறேன், டேட்டாபேஸில் கொஞ்சம் வழி காட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் லாசரஸ் (ஃபார்ம் வடிவமைத்து நிரல் எழுத உதவும் மென்பொருள்) நிறுவி, அதில் ப்ரீ பாஸ்கல் (பாஸ்கல் நிரல் மொழிக்கான இலவச கம்பைலர்) கற்றுக்கொண்டு வருகிறேன். தம்பியின் மளிகைக் கடைக்குச் சரக்கு இருப்பைப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுத வேண்டும்.

ஃபார்மில் பட்டன், எடிட் பாக்ஸ் வைப்பது, ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரில் கேப்ஷனை மாற்றுவது, பட்டனை டபுள் கிளிக் செய்து ஆன்கிளிக்கில் கோட் எழுதுவது, எஃப்12 அழுத்தி ஃபார்முக்கும் கோடுக்கும் மாறி மாறிப் போவது, எஃப்9-ல் ஓட்டிப் பார்ப்பது, இதெல்லாம் பழகிவிட்டது. யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) என்பதால் கேப்ஷனில் தமிழ் அப்படியே வருகிறது, அதில் ரொம்ப சந்தோஷம்.

சிக்கல் டேட்டாபேஸில்தான். எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் இருக்கும் சின்ன டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறேன். எஸ்கியூலைட் கனெக்‌ஷன், டிரான்சாக்‌ஷன், கியூரி (டேபிளிலிருந்து தகவலை எடுப்பது), டேட்டாசோர்ஸ், டிபிகிரிட் (அதைத் திரையில் அட்டவணையாகக் காட்டுவது) எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தாகிவிட்டது. கியூரியின் ஆக்டிவை ட்ரூ ஆக்கினால் டிசைன் செய்யும்போதே கிரிட்டில் சரக்குகள் தெரிகின்றன. ஆனால் நிரலை ஓட்டி, புதுச் சரக்கு ஒன்றைச் சேர்த்து, மூடித் திறந்தால் அது காணோம். அப்ளைஅப்டேட்ஸ் (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்புவது), அப்புறம் கமிட் (அவற்றை நிரந்தரமாக்குவது) இரண்டும் கொடுக்க வேண்டும் என்று படித்தேன். அதை கியூரியின் ஆஃப்டர்போஸ்ட் (ஒரு வரிசை பதிவானதும் நடக்கும்) நிகழ்வில் எழுதுவது நல்லதா, தனியாக 'சேமி' பட்டன் வைப்பது நல்லதா? கமிட் கொடுத்ததும் கிரிட் காலியாகிவிடுகிறது, அதற்குப் பதில் கமிட்ரிடெய்னிங் (கியூரியை மூடாமலே கமிட் செய்வது) போட்டால் போதுமா, இல்லை கியூரியை மறுபடி ஓப்பன் செய்ய வேண்டுமா?

ஒரே ஃபார்ம், ஒரே டேபிள் உள்ள மாதிரி ப்ராஜெக்ட் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். பெரிய ப்ராஜெக்ட் இப்போதைக்கு வேண்டாம், எந்த வரி எதற்கு என்று புரிந்துகொண்டுதான் அடுத்ததுக்குப் போக நினைக்கிறேன்.